கோடு இல்லாத பாட்டில்: ஐந்தாம் வகுப்பில் கொள்ளளவு கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் "ஆயிரம்" என்று கத்துவார்கள். மூன்றே கால் லிட்டரை மில்லியாக மாற்றச் சொன்னால் 3250 என்று எழுதிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு பித்தளைச் சொம்பைக் காட்டி, இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேளுங்கள். ஒருவர் கால் லிட்டர் என்பார், இன்னொருவர் ஐந்து லிட்டர் என்பார். இரண்டு பதிலையும் வகுப்பு ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளும். கணக்கு தெரிகிறது, அந்தக் கணக்கு எந்தப் பொருளைப் பற்றியது என்பது தெரியவில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. கொள்ளளவு, கன அளவு பாடத்தை ஒரு பருவம் முழுக்கச் செயல்பாடுகளாகவே நடத்திப் பார்த்ததன் பதிவு இது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் செயல்பாடுகள் புதியவை அல்ல. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டமும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அளக்கும் செயல்பாட்டை எல்லோரும் செய்கிறோம். நான் மாற்றியது அதன் வரிசையை மட்டும்தான். வழக்கமாக அளவுக் கோடுகள் போட்ட ஜாடியை முதலில் காட்டி, அதில் 100, 200 என்று படிக்கச் சொல்வோம். இந்த முறை அந்த ஜாடி அலமாரியை விட்டுக் கடைசி வாரத்தில்தான் வெளியே வந்தது. கோடுகளைப் பிள்ளைகளே போட வேண்டும், அதற்கு அப்புறம்தான் பிறர் போட்ட கோட்டைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே ஜெனீவாவில் செய்த தண்ணீர் சோதனை ஆசிரியர் பயிற்சி படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் இருக்கும். ஒன்றை ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை "இதில்தான் நிறைய" என்று உயரமானதைக் காட்டும். ஏழு வயதை ஒட்டி இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஒரு பொருள் நீரில் மூழ்கும்போது எவ்வளவு நீரைத் தள்ளும் என்ற தெளிவு வர, பதினொன்று பன்னிரண்டு வயது ஆகலாம் என்றும் அவர் சொன்னார். ஐந்தாம் வகுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

என் வகுப்பும் அப்படித்தான் இருந்தது. சொம்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினாலும் அது அதே தண்ணீர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு பெண் சொன்ன காரணம் எந்தப் பாடநூலிலும் வைக்கலாம்: "பால் பாக்கெட்டை நசுக்கிப் புடிச்சாலும் நீட்டிப் புடிச்சாலும் அரை லிட்டர்தானே டீச்சர்." ஆனால் இரண்டு வெவ்வேறு பாத்திரங்களில் எது அதிகம் கொள்ளும் என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் உயரத்தை மட்டுமே பார்த்தார்கள். ஒரு நீளமான ஊறுகாய் ஜாடி, ஒரு சொம்பு, ஒரு அகலக் கிண்ணம் ஆகிய மூன்றில் ஜாடிக்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. ஊற்றிப் பார்த்தால் கிண்ணம்தான் பெரியது. அப்போது ஒரு பையன், ஊற்றும்போது தண்ணீர் கீழே சிந்தியதால்தான் ஜாடி தோற்றது என்று வாதாடினான். அதை நான் மறுக்கவில்லை. தட்டு வைத்து, சிந்தியதையும் சேர்த்து மறுபடி ஊற்ற வைத்தேன்.

இன்னொரு சிறு விஷயம். பிள்ளை ஒரு பதில் சொன்னதும் "நல்லா யோசிச்சியா?" என்று மறுபடி கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. 1974ல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள், எண்ணிக்கை மாறாமை (பொருட்களைப் பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை அதேதான் என்பது) பற்றிய சோதனையில் கேள்வியை ஒரே ஒரு முறை கேட்டபோது பிள்ளைகளின் தவறுகள் குறைவதைக் காட்டினார்கள். பெரியவர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தவறு போலிருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. எனவே இந்தப் பாடம் முழுக்க ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஊகத்தை ஒரு முறை கேட்பது, சிலேட்டில் எழுத வைப்பது, பிறகு தண்ணீரே பதில் சொல்லட்டும்.

வீட்டுப் படியும் ஆடவல்லானும்

குடத்தை நிரப்ப எத்தனை டம்ளர் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் அளந்தபோது ஒவ்வொரு எண் வந்தது. எல்லாருடைய எண்ணிக்கையும் சரி. டம்ளர்தான் வேறு வேறு. பொது அலகு ஏன் வேண்டும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அத்தோடு நிறுத்தாமல் வீட்டில் இருக்கும் படி, உழக்கு, ஆழாக்கு எதுவானாலும் கொண்டுவரச் சொன்னேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சொத்து. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பாட்டிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நெல் அளக்கும்போது முதல் படியை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவதையும் ஒரு பையன் தாத்தாவிடம் கேட்டு வந்து அதே ராகத்தில் சொல்லிக் காட்டினான். அப்புறம் அரிசியை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்தோம். ஆழாக்குக்கு ஆழாக்கு கொஞ்சம் முன்பின் இருந்தது. வந்த படிகளில் இரண்டு ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. "எங்க வீட்டுப் படிதான் சரி" என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

பெரிய கோயிலைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளக்கும் நெல்லை "ஆடவல்லான்" என்ற மரக்காலால் அளக்க வேண்டும், அது "ராஜகேசரி" மரக்காலுக்குச் சமம் என்று எழுதியிருக்கிறது. அளவைக்குப் பெயர் வைத்து, இன்னொரு அளவையோடு அது ஒக்கும் என்று கல்லில் வெட்டி வைக்க வேண்டியிருந்தது என்றால், ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் "எந்த வீட்டுப் படி சரி" என்ற கேள்வி இருந்திருக்கிறது. இந்தியாவில் 1956ல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சந்தைக்குச் சந்தை படி மாறியதைப் பாட்டிகள் இன்னும் சொல்வார்கள்.

படியை வைத்து இன்னொன்றும் பார்த்தோம். அரிசியைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். தண்ணீரைக் குவிக்க முடியாது. பாத்திரத்தின் கொள்ளளவு என்றால் அது விளிம்பு வரை மட்டும்தான் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குவித்து அளந்த அரிசியைத் தட்டிவிட்டுத் தலைதட்டிப் பார்த்ததும், "குவிச்சு அளந்தா வாங்குறவங்களுக்கு லாபம்" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்.

ஸ்கேலிலிருந்து லிட்டர்

கோடு போட்ட ஜாடி இல்லாமல் லிட்டர் எங்கிருந்து வரும்? அடிக்கோலிலிருந்து. ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டியைத் தடித்த அட்டையில் செய்தோம். அதன் உள்ளே இருக்கும் இடம்தான் 1000 கன செ.மீ., அதாவது ஒரு லிட்டர். பிரான்ஸில் 1795ல் மெட்ரிக் முறையோடு லிட்டர் பிறந்தபோதும் இப்படித்தான் பிறந்தது. நடுவில் 1901ல் ஒரு கிலோ நீர் அடைத்துக்கொள்ளும் இடம் என்று வரையறையை மாற்றினார்கள். 1964ல் பழையபடி பத்து சென்டிமீட்டர் கனசதுரத்துக்கே திரும்பினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் 28 பங்கு. பிள்ளைகளுக்கு இது வேண்டாம். ஆனால் "ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோவா டீச்சர்?" என்று கேட்கும்போது ஆசிரியர் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம், மளிகைக் கடைத் தராசில் வைத்தும் காட்டலாம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை உண்டு. மெல்லிய அட்டையில் செய்தால் தண்ணீர் ஊற்றியதும் பக்கங்கள் வயிறு தள்ளும், அப்போது பெட்டி ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். நான்கு பக்கமும் கனமான புத்தகங்களை அணைத்து வைத்தால் போதும். உள்ளே பாலிதீன் பை போட்டால் மடிப்புகள் இடத்தைத் தின்னும். எனவே மூலைகளை நன்றாக ஒட்டிவிட்டு, மெழுகுவத்தியை உருக்கி உள்பக்கம் பூசினோம். மெழுகு வேலையை நான் மட்டுமே செய்தேன்.

அடுத்து 100 கன செ.மீ. பெட்டி செய்யுங்கள் என்றேன். அளவு சொல்லவில்லை. ஒரு குழு 5, 5, 4 என்று செய்தது. ஒரு குழு 10, 5, 2. இன்னொரு குழு 10க்கு 10 என்று ஒரு தட்டை வெட்டி, ஒரு செ.மீ. உயரச் சுவர் எழுப்பியது. மூன்றும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூன்றிலும் பத்து முறை மொண்டு ஊற்றினால் லிட்டர் பெட்டி நிறைய வேண்டும். தட்டைப் பெட்டிக்காரர்களுக்கு மட்டும் பத்தாவது முறைக்கு முன்பே நிரம்பி வழிந்தது. ஒரு செ.மீ. சுவரில் இரண்டு மில்லிமீட்டர் கூடிப்போனாலே 100 என்பது 120 ஆகிவிடும் என்று அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். எந்த வடிவத்தில் பிழை அதிகமாகத் தெரியும் என்ற பேச்சு தொடக்கப்பள்ளியில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கோடு போடும் வேலை

இந்த ஆய்வின் நடுநாயகம் இதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒன்று நேராக இருக்கும் தண்ணீர் பாட்டில். ஒன்று இடுப்பு ஒடுங்கிய குளிர்பான பாட்டில். ஒன்று கீழே பெருத்து மேலே போகப் போகச் சிறுத்த ஜூஸ் பாட்டில். பாட்டிலின் பக்கவாட்டில் கீழிருந்து மேல்வரை ஒரு காகிதப் பட்டையை ஒட்ட வேண்டும். தங்கள் 100 பெட்டியால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மட்டம் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நேர் பாட்டில் குழு சீக்கிரமே முடித்துவிட்டது. அடிப்பக்கம் குழிந்து மேடும் பள்ளமுமாக இருப்பதால் முதல் கோடு மட்டும் கொஞ்சம் விலகி நின்றது, மற்றவை சம இடைவெளி. இடுப்புப் பாட்டிலில் கோடுகள் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கின. அந்தப் பிள்ளைகள் அதை வேடிக்கையாகப் பார்த்தார்களே தவிர, தப்பு என்று நினைக்கவில்லை. பாட்டிலே கோணலாக இருப்பதால் கோடும் கோணலாக வருகிறது என்று விட்டுவிட்டார்கள்.

சிக்கல் ஜூஸ் பாட்டிலில் வந்தது. கீழே கோடுகள் நெருக்கமாகவும், மேலே போகப் போக விலகியும் விழுந்தன. அந்தக் குழுவில் மிகவும் ஒழுங்கான ஒரு பையன் இருந்தான், நோட்டில் ஓரக்கோடு இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டான். அவனுக்கு இது பொறுக்கவில்லை. ஸ்கேலை எடுத்து அடியிலிருந்து 1000 கோடு வரை உயரத்தை அளந்து, பத்தால் வகுத்து, சமமான பத்துக் கோடுகளைப் புதுப் பட்டையில் போட்டு எதிர்ப்பக்கம் ஒட்டிவிட்டான். கூட இருந்த பெண், ஊற்றிப் போட்ட கோடுதான் சரி என்றாள். அவன் சொன்னான்: "கோடு ஒழுங்கா இருந்தாத்தானே அது அளவு? ஸ்கேல்ல இப்படியா இருக்கு?"

நியாயமான கேள்வி. அவன் அதுவரை பார்த்த எல்லா அளவுக் கருவிகளிலும் கோடுகள் சம தூரத்தில்தான் இருந்தன. கோடு போட்ட ஜாடியை முதல் நாளே கொடுத்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. ஜாடி நேரான உருளை, கோடுகள் சமமாக இருக்கும், அவனும் அதைப் படித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். உயரம்தான் கொள்ளளவு என்ற அவன் எண்ணம் உள்ளே அப்படியே இருந்திருக்கும். அந்த எண்ணத்தை ஜாடி கலைப்பதே இல்லை, இன்னும் கெட்டிப்படுத்துகிறது. தயாரான கோட்டை முதலில் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அவர்கள் சண்டையில் நான் தலையிடவில்லை. நேர் பாட்டில் குழுவிடமிருந்து 500ஐ வாங்கி ஜூஸ் பாட்டிலில் ஊற்றுங்கள் என்றேன். அந்தப் பெண் போட்ட பட்டையில் தண்ணீர் ஐந்தாவது கோட்டை ஒட்டி நின்றது. ஸ்கேல் பட்டையில் நான்காவது கோட்டைத்தான் தொட்டது. வேறு குழுவின் 500ஐக் கேட்டு வாங்கி மறுபடி ஊற்றினான், அதே கதை. அப்போது அந்தப் பெண் சொன்னதை வகுப்பு முடிந்ததும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்: "கீழ குண்டா இருக்குல்ல, நிறைய தண்ணி அங்கயே உக்காந்துக்குது. அதனால மட்டம் மெதுவா ஏறுது. மேல ஒல்லி, அதான் சட்டுனு ஏறுது." பையன் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் பட்டையைக் கிழிக்க வந்தவனைத் தடுத்து, இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிறகு பாடத்தைப் பார்க்க வந்த மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு அவன்தான் இரண்டு பட்டையையும் காட்டி விளக்கினான்.

அளக்கும் ஒழுக்கமும் இங்கேதான் வந்தது. கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்ப்பது, பாட்டிலைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துப் பார்ப்பது, தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுப்பது ஆகியவற்றை நான் விதியாகச் சொல்லவில்லை. ஒரே பாட்டிலை இரண்டு பேர் பார்த்து இரண்டு இடத்தில் கோடு போட்டபோது, அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட விதிகள் அவை. கடைசி வாரம் ஒரு குழந்தைப் பால் புட்டியையும் பள்ளி ஜாடியையும் வெளியே எடுத்தபோது, யாரும் அதை நம்பிப் படிக்கவில்லை. முதலில் தங்கள் 100 பெட்டியால் ஊற்றி, கோடு சரியா என்று சோதித்தார்கள்.

கடலைப் பொட்டலம்

ஜூஸ் பாட்டில் சண்டை மறுநாளும் ஓடியதால், அதன் தொடர்ச்சியாக இதைச் செய்தேன். வேர்க்கடலை மடித்துத் தரும் கூம்புப் பொட்டலம் எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி காகிதக் கூம்பு செய்து, விளிம்பைச் சமமாக வெட்டி, சரியாகப் பாதி உயரத்தில் கோடு போட்டோம். பாதி உயரம் வரை மணல் போட்டால் அது கூம்பில் எத்தனை பங்கு? "பாதி" என்று யாரும் சொல்லவில்லை, அதுவரை மகிழ்ச்சி. கால் பங்கு என்பதே பெரும்பான்மை. அளந்து பார்த்தால் எட்டில் ஒரு பங்கு. பாதி உயர மணலை எட்டு முறை போட்டால்தான் கூம்பு தலைதட்டி நிறைகிறது.

உயரம் பாதி, அகலம் இரு பக்கமும் பாதி. பாதியில் பாதியில் பாதி. ஐந்தாம் வகுப்பில் இதைச் சூத்திரமாகக் கொண்டுவர வேண்டியதில்லை. "கடைக்காரர் பொட்டலத்தைப் பாதி உயரம் போட்டுக் கொடுத்தா ஏமாந்துடாதீங்க" என்று ஒரு பையன் வகுப்புக்கே அறிவித்தான்.

ஏ4 தாளைக் குழலாகச் சுருட்டும் செயல்பாட்டையும் இதோடு சேர்த்தோம். நெட்டையாகச் சுருட்டினால் ஒரு குழல், குட்டையாகச் சுருட்டினால் இன்னொரு குழல், இரண்டும் அதே தாள். குட்டைக் குழலில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பொரி பிடிக்கும், நெட்டையில் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். நெட்டைக் குழலைக் குட்டைக் குழலுக்குள் நிறுத்தி, பொரியை நிரப்பி, உள் குழலை மெல்ல உருவி எடுத்தால் பொரி சரிந்து ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு இடத்தைக் காலியாக விட்டுவிடும். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இடிகல்லும் ஊசி மருந்து புட்டியும்

ஒரு பாத்திரம் உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று, அந்தப் பாத்திரமே எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது வேறு. எவர்சில்வர் டம்ளரை வைத்து இதைக் காட்ட முடியாது, அதன் சுவர் அவ்வளவு மெல்லியது. இஞ்சி பூண்டு தட்டும் சிறு இடிகல்லைக் கொண்டுவரச் சொன்னேன். குழியில் தண்ணீர் ஊற்றினால் ஒரு டம்ளர்கூடப் பிடிக்கவில்லை. அதையே விளிம்பு வரை நிரம்பிய வாளியில் மெல்ல இறக்கினால், வெளியே வழிந்த தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு. கொள்ளளவு, கன அளவு என்ற இரண்டையும் ஒரே பொருளில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்ததுதான் கடினம். கனமான பொருள் நீரை அதிகம் உயர்த்தும் என்று வகுப்பே நம்பியது. நன்றாகக் கழுவிய, ஒரே அளவுள்ள இரண்டு சிறு மருந்துப் புட்டிகள். ஒன்றில் மணலும் ஒன்றில் சைக்கிள் கடை இரும்புக் குண்டுகளும் நிரப்பி இறுக மூடினோம். இரண்டும் மூழ்கும், எடையில் நல்ல வித்தியாசம். தாங்களே கோடு போட்ட பாட்டிலின் வாயை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இரண்டுக்கும் மட்டம் ஒரே இடத்துக்குத்தான் ஏறியது.

பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் கல்லையும் உருளைக்கிழங்கையும் வைத்துக் கேட்டபோது மறுபடியும் சிலர் கனமானதைத்தான் காட்டினார்கள். பியாஜே சொன்ன வயது நினைவுக்கு வந்தது. இதை அவசரப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடத்தில் இதே புட்டிகள் இன்னொரு முறை வர வேண்டும்.

இங்க் ஃபில்லரால் சொட்டு எண்ணி ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று பார்க்கும் செயல்பாடும் செய்தோம். ஆளுக்கொரு எண் வந்தது, தரை ஈரமானது, புதிதாக எதுவும் தெரியவரவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

யார் நன்றாக ஊகித்தார்கள்

தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வரும் பெண் பிள்ளைகள்தான். வாளிக்கு எத்தனை சொம்பு, குடத்துக்கு எத்தனை வாளி என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் கிட்டத்தட்ட வந்தது. டீக்கடைக்காரர் மகனும் டம்ளர் கணக்கில் தப்பவில்லை. எழுத்துத் தேர்வில் இவர்களில் பலர் பின்வரிசை. குழுவில் ஊற்றும் வேலையைப் பையன்கள் பிடுங்கிக்கொண்டு, துடைக்கும் வேலையைப் பெண்களிடம் விடுவது முதல் வாரத்திலேயே தெரிந்தது. எனவே ஊற்றுவது, கோடு போடுவது, எழுதுவது, துடைப்பது நான்கையும் சுற்று முறையில் மாற்றினேன். நான்கு பேருக்கு மேல் ஒரு குழுவில் இருந்தால் ஐந்தாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். இதை எந்தப் பொருளைவிடவும் முக்கியமாக நினைக்கிறேன்.

வீட்டுக்குக் கொடுத்த ஒரே வேலை, ஒரு லிட்டர் எந்தப் பாத்திரத்தில் எதுவரை வரும் என்று அளந்து வருவது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்காக இதைக் கேட்டேன். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம். நீர் குறைந்தால் உப்பு கூடிவிடும், நீர் கூடினால் பயன் குறையும். சிறு பாக்கெட்டுகள் 200 மில்லிக்கும் வருகின்றன, எனவே முதலில் பாக்கெட்டைப் படிக்க வேண்டும். "ஒரு சொம்பு" என்று வீடுகளில் சொல்லும் அளவு ஒரு வீட்டில் முக்கால் லிட்டராகவும் இன்னொரு வீட்டில் ஒன்றேகால் லிட்டராகவும் இருந்தது. சில அம்மாக்கள் சொம்பின் உள்ளே ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

மழை

ஐப்பசி மழை தொடங்கியதும், நேர்ச்சுவர் உள்ள மூன்று பாத்திரங்களை முற்றத்தில் வைத்தோம். ஒரு ஒல்லியான கண்ணாடி ஜாடி, ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு அகலமான அடுக்கு. எதில் மட்டம் உயரமாக இருக்கும்? இந்த முறை வகுப்பு உயரத்தைப் பார்த்து ஏமாறவில்லை. அகலமான பாத்திரத்தில் மட்டம் குறைவாகத்தான் இருக்கும் என்று ஒருமித்துச் சொன்னார்கள், ஜூஸ் பாட்டிலைச் சாட்சிக்கு இழுத்தார்கள். மழை விட்டதும் போய் ஸ்கேலை வைத்தால், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரம்.

கற்றுக்கொண்டது பொய்யாகிவிட்டதா என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. விளக்கத்துக்கு நான் அவசரப்படவில்லை. அன்று மாலைவரை வாதம் நடந்தது. கடைசியில் ஜூஸ் பாட்டில் பையன்தான் பிடித்தான்: "நாம ஊத்துனப்ப எல்லாத்துலயும் ஒரே தண்ணி. மழை அப்படி ஊத்தல. வாய் பெருசா இருந்தா அதுக்கு நிறைய விழுது." மூன்று பாத்திரத் தண்ணீரையும் 100 பெட்டியால் அளந்து, அடுக்கில்தான் அதிகம் என்று காட்டினான்.

அதன்பின் செய்தியில் வரும் மழை அளவு அவர்களுக்கு அர்த்தமுள்ளதாகிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பத்து சென்டிமீட்டர் என்றால் நூறு லிட்டர். 20 அடிக்கு 30 அடி மொட்டை மாடியில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் ஐந்தாயிரத்து ஐநூறு லிட்டருக்கும் மேல். மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி. பற்றியும் கேட்டார்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடியை மட்டும் அட்டையில் செய்து காட்டினோம். 28.3 லிட்டர், எங்கள் பள்ளிக் குடத்தில் கிட்டத்தட்ட இரண்டு குடம். நூறு கோடியை அவர்களே நினைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மாறியதும் மாறாததும்

பாடம் தொடங்கும் முன் கொடுத்த ஒரு தாளையே முடிவிலும் கொடுத்தேன். வெவ்வேறு வடிவ பாட்டில்களின் படங்கள், ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு நீர். எதில் பாதிக்கும் குறைவு, எதில் பாதிக்கும் அதிகம் என்று எழுத வேண்டும். முதல் முறை எல்லாப் படத்துக்கும் "பாதி" என்றுதான் எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை பெரும்பாலானவர்கள் சரியாகப் பிரித்தார்கள், சிலர் கேட்காமலே பக்கத்தில் காரணமும் எழுதினார்கள். அலகு மாற்றும் கணக்குகளில் பெரிய மாற்றம் இல்லை, அது முன்பே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "ஒரு டம்ளரின் கொள்ளளவு 20 லிட்டர்" மாதிரி விடைகள் நின்றுவிட்டன.

ஓரிருவர் கையில் பாட்டில் இருந்தால் சரியாகச் சொல்கிறார்கள், தாளில் படத்தைப் பார்த்தால் பழையபடி "பாதி" என்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் கொள்ளளவில் இல்லை, தட்டையான கோட்டுப் படத்தை உருண்டையான பொருளாகப் பார்ப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த முறை கோடு போட்டு முடித்ததும் அதே பாட்டிலைத் தாளின் மேல் படுக்க வைத்துச் சுற்றிலும் வரைய வைத்து, பட்டையில் உள்ள கோடுகளை அந்தப் படத்துக்கும் மாற்றச் சொல்லப் போகிறேன். காகிதப் பட்டை ஈரத்தில் ஊறிக் கிழிகிறது. அதற்குப் பதில் வெள்ளை இன்சுலேஷன் டேப்பும் அழியாத மார்க்கரும் வாங்கி வைத்தாயிற்று.